‘டு’ போடவா, ‘இங்’ போடவா?

9ஆம் வகுப்புக்கு ஓர் அலகுத் தேர்வு. ‘ஸ்டாப்’ என்ற வினையைக் கொண்டு சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுக என்று கேட்டிருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் ‘தி பஸ் ஸ்டாப்டு’ என்று மூன்று சொற்களில் முடித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்காரும் மாணவன் ஒருவன் மட்டும் நீளமாக எழுதியிருந்தான்: ‘ஐ ஸ்டாப் டு கம் டு ஸ்கூல் ஆஃப்டர் தீபாவளி.’ சிவப்புப் பேனாவால் ‘டு கம்’ என்பதை அடித்து, மேலே ‘கமிங்’ என்று எழுதி, 2க்கு 1 மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்தது. அவன் வரவில்லை. பண்டிகைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பிந்தி வருவது எங்கள் ஊரில் வழக்கம் என்பதால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் வகுப்பாசிரியர் விசாரித்தபோது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, பையன் பக்கத்து ஊரில் மாமாவின் டூவீலர் பட்டறையில் இருக்கிறான் என்று தெரிந்தது. அந்தப் பேச்சு ஆசிரியர் அறையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. தாள் கட்டைப் பிரித்துத் தேடி எடுத்தேன். பையன் மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் அதைத் திருத்தியிருக்கிறேன், படிக்கவில்லை.

தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் நாலைந்து முறை வீட்டுக்கு நடந்தார்கள். நான் ஒரே ஒரு முறைதான் உடன் போனேன். பொங்கல் விடுமுறை கழிந்து அவன் திரும்பி வந்தான். ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் அந்தத் தாளைக் காட்டி, “இதுல என்ன சொல்ல வந்தே?” என்று கேட்டேன். “பள்ளிக்கூடத்துக்கு வர்றத நிறுத்திடுவேன்னு எழுதினேன் டீச்சர்” என்றான், தட்டைக் கழுவிக்கொண்டே.

வர்றத. அன்று மாலை பேருந்தில் அந்தச் சொல்லை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வர்றத, வருவதை. நான் சிவப்பு மையில் எழுதிய ‘கமிங்’ அதுவேதான். சரியான வடிவம் அவன் வாயில் இருந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு வரும் வழியில்தான் ‘டு கம்’ ஆகிவிட்டது. அதற்குக் காரணம் யார் என்று யோசித்தால் நானேதான். 6ஆம் வகுப்பில் வினைச்சொற்களை ‘டு கம் – வருதல், டு கோ – போதல்’ என்று எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். தமிழில் வினை பெயராக நிற்கும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ‘டு’ வரும் என்று பையன் நம்பினால் அது அவன் தவறா?

ஜெரண்ட், இன்ஃபினிடிவ் பாடத்தை அதுவரை நான் நடத்திய விதம் உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். என்ஜாய், அவாய்டு, ஃபினிஷ், கீப், பிராக்டிஸ் எல்லாம் இடப்பக்கம். இவற்றுக்குப் பின் ‘இங்’. வான்ட், டிசைடு, ரெஃப்யூஸ், ஹோப், பிளான் எல்லாம் வலப்பக்கம். இவற்றுக்குப் பின் ‘டு’. பிள்ளைகள் தேர்வு வரைக்கும் மனத்தில் வைத்திருப்பார்கள். அதன் பிறகு ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட், ட்ரை என்று இரண்டு பக்கமும் நிற்கிற சொற்களைக் கொண்டு வந்தால் முந்தைய பட்டியலும் சேர்ந்து குழம்பிவிடும்.

பட்டியலுக்குப் பதிலாக ஒரு காரணம் சொல்லலாமே என்று சில இலக்கண நூல்களில் வரும் விளக்கத்தையும் சொல்லிப் பார்த்தேன். ‘டு’ முன்னால் நடக்கப்போவதைச் சுட்டும். ‘இங்’ நடந்ததை அல்லது நடந்துகொண்டிருப்பதைச் சுட்டும் என்பது அந்த விளக்கம். வான்ட், டிசைடு, பிளான் ஆகியவற்றுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரு மாணவி எழுந்து, “போஸ்ட்போன் பண்ணினா இன்னும் நடக்கவே இல்லையே டீச்சர், அதுக்கு ஏன் இங்?” என்று கேட்டாள். அவாய்டு செய்தாலும் நடப்பதில்லை. கன்சிடர் என்றாலும் அப்படித்தான். என்னிடம் பதில் இல்லை.

‘வர்றத’ கதையை எங்கள் தமிழாசிரியர் ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “வருவது தொழிற்பெயர் அம்மா. கூட இருக்கிற ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை. எதை நிறுத்தினான்? வருவதை நிறுத்தினான். இதுல என்ன அதிசயம்?” என்றார். அவருக்கு அதிசயம் இல்லை. எனக்கு இருந்தது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். நான் ஆங்கில வினைகளைச் சொல்லச் சொல்ல, அவற்றை நாம் தமிழில் இயல்பாக எப்படிப் பேசுவோம் என்று அவர் சொன்னார். ஒரு மணி நேரத்தில் தாள் நிறைந்தது.

அந்தத் தாளில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

‘போக முடிவு செய்தேன்’, ‘வர மறுத்தாள்’, ‘கேட்கத் தயங்காதே’, ‘நீந்தக் கற்றுக்கொண்டான்’, ‘வாங்க வசதியில்லை’, ‘ஊருக்குப் போகத் திட்டமிட்டோம்’. இவற்றில் முதல் வினை போக, வர, கேட்க, நீந்த, வாங்க என்று ‘அ’ ஒலியில் முடிந்து அடுத்த வினைக்குக் காத்திருக்கிறது. இது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ஆங்கிலத்தில் எல்லாமே ‘டு’: டிசைடெட் டு கோ, ரெஃப்யூஸ்டு டு கம், டோன்ட் ஹெசிடேட் டு ஆஸ்க், லேர்ன்ட் டு ஸ்விம், கான்ட் அஃபோர்டு டு பை, பிளான்டு டு கோ.

‘பேசுவதைத் தவிர்’, ‘போவதைத் தள்ளிப்போட்டோம்’, ‘வீடு மாறுவதைப் பற்றி யோசிக்கிறோம்’, ‘மழையில் நனைவதை ரசித்தாள்’. இங்கே முதல் வினை ‘-வது’ என்று பெயராகி ‘ஐ’ ஏற்றிருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாமே ‘இங்’: அவாய்டு டாக்கிங், போஸ்ட்போன்டு கோயிங், கன்சிடரிங் மூவிங், என்ஜாய்டு கெட்டிங் வெட். அந்த மாணவியின் போஸ்ட்போன் கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது. நடந்ததா நடக்கவில்லையா என்ற கேள்வியே அங்கே தேவையில்லை. எதைத் தள்ளிப்போட்டோம்? போவதை. அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒன்று வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ‘எழுதி முடித்தேன்’, ‘எழுதிப் பழகு’, ‘எழுதிக்கொண்டே இரு’. இவை ‘செய்து’ என்னும் வாய்பாடு. ஃபினிஷ்டு ரைட்டிங், பிராக்டிஸ் ரைட்டிங், கீப் ரைட்டிங். இங்கும் ‘இங்’தான். ‘ஓடி வந்தான்’ என்பதை ஆங்கிலத்தில் ‘கேம் ரன்னிங்’ என்றுதானே சொல்கிறோம், அதே உறவு. என் பழைய பட்டியலில் இடப்பக்கம் காரணமே இல்லாமல் நின்ற மூன்று சொற்களுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் வகுப்பில் ஜெரண்ட் என்ற சொல்லையே எடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை எழுப்பி ஒரு சின்ன நடிப்பு. ஒருவன் பேருந்து ஓட்டுநர். டீக்கடையைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்குகிறான். “என்ன செய்தார் டிரைவர்?” “டீ குடிக்க நின்னாரு.” இன்னொருவன் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். மருத்துவர் ஏதோ சொல்கிறார். கிளாசைக் கீழே வைத்துவிடுகிறான். “என்ன செய்தார்?” “டீ குடிக்கிறத நிறுத்திட்டாரு.” இரண்டையும் அவர்கள் சொன்னபடியே பேச்சுத் தமிழில் பலகையில் எழுதினேன். கீழே ஆங்கிலம்: ‘ஹி ஸ்டாப்டு டு ட்ரிங்க் டீ’, ‘ஹி ஸ்டாப்டு ட்ரிங்கிங் டீ’. தமிழில் நில், நிறுத்து என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஸ்டாப்’. ஆகவே வேறுபாட்டைச் சுமக்கும் வேலை முழுவதும் பின்னால் வரும் ‘டு’வின் மேலும் ‘இங்’கின் மேலும் விழுகிறது. இதை ஒரு பையன் தன் மொழியில், “இங்கிலீஷ்ல ஒரே ஸ்டாப்தான், அதனால வால்ல பார்க்கணும்” என்று சொன்னான். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

பேச்சுத் தமிழ் என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘குடிப்பதை’ என்று எழுதிப் போட்டால் பிள்ளைகளின் காது உதவாது. அது அவர்களுக்கு இன்னொரு பாடநூல் மொழி. ‘குடிக்கிறத’ என்றால்தான் அது வீட்டில் கேட்ட சொல். ‘-றத’ வந்தால் இங். ‘-க்க’, ‘-ற’, ‘-ட’ என்று ‘அ’வில் முடிந்தால் டு. என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் மூன்று பேர். அவர்கள் தாமாகவே ‘தாகடம்’ என்று சொல்லி, அந்த ‘-அடம்’தான் இங் என்று கண்டுகொண்டார்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரே தமிழ் வினை, முன்னால் வரும் வடிவத்தைப் பொறுத்து, ஆங்கிலத்தில் இரண்டு வேறு வினைகளாகப் பிரிகிற இடம். ‘பணத்தை எடுக்க மறுத்தான்.’ ‘பணத்தை எடுத்ததை மறுத்தான்.’ தமிழில் இரண்டும் ‘மறு’. ஆங்கிலத்தில் முன்னது ‘ரெஃப்யூஸ்டு டு டேக்’. பின்னது ‘டினைடு டேக்கிங்’. அதேபோல ‘வர ஒப்புக்கொண்டான்’ என்றால் ‘அக்ரீடு டு கம்’. ‘எடுத்ததை ஒப்புக்கொண்டான்’ என்றால் ‘அட்மிட்டெட் டேக்கிங்’. பிள்ளைகள் அகராதியில் ‘மறு’ என்று தேடினால் ரெஃப்யூஸ், டினை இரண்டும் கிடைக்கும். எதை எடுப்பது என்று அகராதி சொல்லாது. வாக்கியத்தில் முன்னால் நிற்கும் வினையைப் பார்த்தால் அது சொல்லிவிடும். இதற்காக ஒரு பாடவேளை முழுவதும் நீதிமன்றக் காட்சி நடத்தினோம். பேனா திருடிய வழக்கு. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ‘ஐ டினை டேக்கிங் தி பென்’ என்று சொல்ல, எதிர்த்தரப்பு வக்கீலாக நின்ற பெண் ‘ஹி ரெஃப்யூசஸ் டு ஓப்பன் ஹிஸ் பேக்’ என்று அடித்துப் பேசினாள். அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ரிமெம்பர், ட்ரை, ரிக்ரெட் ஆகியவையும் இப்படியே எளிதாகிவிட்டன. ‘கதவைப் பூட்ட ஞாபகம் வைத்துக்கொள்’: ரிமெம்பர் டு லாக். ‘கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது’: ரிமெம்பர் லாக்கிங். ‘முதன்முதலில் கடலைப் பார்த்ததை மறக்கவே மாட்டேன்’: நெவர் ஃபர்கெட் சீயிங். ‘சொன்னதற்காக வருந்துகிறேன்’: ரிக்ரெட் சேயிங். ‘தெரிவிக்க வருந்துகிறேன்’: ரிக்ரெட் டு இன்ஃபார்ம். ட்ரை இன்னும் சுவையானது. ‘ஜன்னலைத் திறக்க முயன்றேன்’ என்றால் ‘ட்ரைடு டு ஓப்பன்’; முயன்றேன், திறந்ததா என்பது வேறு. ‘புழுக்கமாக இருந்தது, ஜன்னலைத் திறந்து பார்த்தேன்’ என்றால் ‘ட்ரைடு ஓப்பனிங்’. திறந்தேன், புழுக்கம் குறைந்ததா என்பதுதான் கேள்வி. ‘உப்புப் போட்டுப் பார்’, ‘மாற்றி எழுதிப் பார்’ என்று நாம் நாள்தோறும் பேசும் ‘பார்’ என்னும் துணைவினைதான் ஆங்கிலத்தின் ‘ட்ரை’யும் ‘இங்’கும். இதை நான் எத்தனையோ ஆண்டு ‘அட்டெம்ப்ட்’, ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்று ஆங்கிலத்திலேயே விளக்கிச் சோர்ந்திருக்கிறேன்.

வேற்றுமை உருபையும் விட்டுவிடக் கூடாது. ‘வரைவதில் கெட்டிக்காரி’, ‘கற்பதில் ஆர்வம்’ என்று ‘இல்’ வந்தால் ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லும் இங்கும்: குட் அட் டிராயிங், இன்ட்ரஸ்டெட் இன் லேர்னிங். விண்ணப்பக் கடிதத்தின் முடிவில் பிள்ளைகள் தவறாமல் சறுக்கும் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’வும் இதில் நேராகிறது. ‘சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்று சொல்லிப் பார்த்தால் ‘சந்திப்பதை’. ஆகவே ‘டு மீட்டிங்’. அங்கே வரும் ‘டு’ முன்னிடைச்சொல்.

இனி இந்த முறை நம்மை ஏமாற்றும் இடங்கள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் நாளைக்கே வகுப்பில் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது ‘-வதற்கு’. பேச்சில் ‘-றதுக்கு’. ‘புத்தகம் வாங்குறதுக்கு வந்தேன்’ என்பதை, தொழிற்பெயர் ஆயிற்றே என்று பிள்ளைகள் ‘ஐ கேம் ஃபார் பையிங் எ புக்’ என்று எழுதுகிறார்கள். இங்கே இருப்பது நான்காம் வேற்றுமை, பொருள் ‘பொருட்டு’. வாங்கும் பொருட்டு வந்தேன். ‘ஸ்கூலுக்கு’ என்றால் ‘டு ஸ்கூல்’. அதே ‘கு’ வினையின் மேல் ஏறினால் ‘டு பை’. ஆங்கில இன்ஃபினிடிவில் வரும் ‘டு’ தொடக்கத்தில் திசையைக் காட்டும் முன்னிடைச்சொல்லாகவே இருந்தது என்பதால், இந்த ‘கு – டு’ இணைப்பு தற்செயல் இல்லை என்று நான் தைரியமாகவே சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்து ‘-வதாக’, ‘-வதுபோல’. ‘வருவதாக வாக்குக் கொடுத்தான்’, ‘தூங்குவதுபோல நடித்தான்’. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் டு: ப்ராமிஸ்டு டு கம், பிரிடெண்டெட் டு ஸ்லீப். ‘எதிர்பார்’ இதைவிட மோசம். ‘ஜெயிப்பதை எதிர்பார்க்கிறேன்’ என்று தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பெக்ட் டு வின்’தான். ‘நீந்தப் பிடிக்காது’ என்பது நல்ல தமிழ். ஆனால் ‘டிஸ்லைக்’ போட்டால் ‘ஸ்விம்மிங்’ மட்டுமே வரும். லைக், லவ், பிகின், ஸ்டார்ட் ஆகியவற்றில் இரண்டும் வரும் என்பதால் அங்கே நான் நேரத்தைச் செலவழிப்பதில்லை.

‘அவனை அழவைத்தாள்’, ‘என்னைப் போகவிடு’. அழ, போக என்று ‘அ’வில் முடிகிறது; விதிப்படி டு வர வேண்டும். ஆங்கிலத்தில் ‘மேட் ஹிம் க்ரை’, ‘லெட் மீ கோ’; டு கிடையாது. எச்சமும் வினையும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக எழுதப்படுகிறதா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் டு நுழைய இடம் இல்லை என்று சொல்லிக்கொடுக்கிறேன். இது இலக்கணமா, நினைவுக் குறிப்பா என்று தமிழாசிரியர் ஐயா கேட்டார். நினைவுக் குறிப்புதான். வேலை செய்கிறது.

‘நீந்தத் தெரியும்’ என்பதை ‘ஐ நோ டு ஸ்விம்’ என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை, பெரியவர்களிலும் குறைவு. ‘நோ ஹவ் டு ஸ்விம்’ என்று நடுவில் ‘ஹவ்’ வேண்டும். இதற்குத் தமிழ் எந்த உதவியும் செய்யாது. சஜெஸ்ட் அப்படித்தான். ‘போகலாம் என்றார்’ என்பதுதான் நம் வழக்கு. அதில் போக என்றும் இல்லை, போவதை என்றும் இல்லை. ‘சஜெஸ்டெட் கோயிங்’ என்று நேராக மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஹோப்பும் அதே கதை. ‘வருவேன் என நம்புகிறேன்’ என்போம். ஆங்கிலத்தில் ‘ஹோப் டு கம்’.

ஆக, மனப்பாடம் முழுக்கப் போய்விடவில்லை. முன்பு நாற்பது சொற்கள் இருந்த பட்டியல் இப்போது பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கியிருக்கிறது. வகுப்பின் பின்சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, ‘தமிழ் ஏமாற்றும் சொற்கள்’ என்று தலைப்பிட்டிருக்கிறோம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவரும் பிள்ளை அதைத் தன் கையாலேயே எழுதலாம். கீழே பெயரும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெயருக்காகவே பாடநூலைப் புரட்டும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒரு பயிற்சி வகுப்பில் இதைப் பகிர்ந்துகொண்டபோது, ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்க வேண்டும், நீங்கள் மீண்டும் மொழிபெயர்ப்பு முறைக்குப் போகிறீர்களே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாள் முழுவதும் ஆங்கிலம் காதில் விழும் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையில்லை. ‘என்ஜாய் டு ஸ்விம்’ என்றால் அதன் காதே உறுத்தும். என் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதில் விழுவது என் பாடவேளையில் மட்டும்தான். அவர்களுக்கு உறுத்தக்கூடிய காது தமிழ்க் காது ஒன்றுதான். ‘டீ குடிக்க நிறுத்திட்டாரு’ என்றால் அது உறுத்துகிறது. அந்த உறுத்தலைப் பயன்படுத்திக்கொள்கிறேன். கொஞ்ச நாளில் ஸ்டாப், அவாய்டு போன்றவற்றுக்குத் தமிழைத் தேடாமலே எழுதிவிடுகிறார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்த இலக்கணத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. ‘ஐ வான்ட் டு ப்ளே’, ‘ஐ லைக் ப்ளேயிங்’ போன்றவற்றை முழுத் தொடராகப் பாட்டிலும் விளையாட்டிலும் பழக்கினால் போதும். ஒரே ஒரு வேண்டுகோள்: சொற்பட்டியல் எழுதும்போது ‘கம் – வா’ என்றே எழுதிப் போடுங்கள். ‘டு கம் – வருதல்’ வேண்டாம். அந்த வரியை அழிக்க எனக்கு 9ஆம் வகுப்பில் ஒரு பருவம் பிடிக்கிறது.

தாள் திருத்துவதிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். சொந்த வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்விகளில், ஆங்கில வாக்கியத்துக்கு மேலே, சொல்ல வந்ததைப் பேச்சுத் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். தமிழ் வரிக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதைத்தான் முதலில் படிக்கிறேன். வடிவத் தவறு எங்கே நடந்தது என்பது அதில் உடனே தெரிந்துவிடும். வேறு சில செய்திகளும் தெரிகின்றன. ‘அப்பா குடிக்கிறத நிறுத்தல’ என்று ஒரு தாளில் இருந்தது. கீழே ஆங்கிலம் பிழையின்றி இருந்தது: ‘மை ஃபாதர் டிட் நாட் ஸ்டாப் ட்ரிங்கிங்.’ 2க்கு 2 போட்டேன். மறுநாள் அந்தப் பெண்ணை ஆசிரியர் அறைக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

பட்டறையிலிருந்து திரும்பி வந்த மாணவன் இப்போது 10ஆம் வகுப்பு. ஆங்கிலம் இன்னும் அவனுக்குக் கடினம்தான். ஆனால் ஸ்டாப்பில் தவறு செய்வதில்லை. ‘ஸ்டாப்டு டு’ என்று யாராவது தவறாக எழுதினால் முதலில் கை தூக்குபவன் அவன்.

போன வாரம் சார்ட்டில் பதினொன்றாவது சொல் ஏறியது. போஸ்ட்போன் கேள்வி கேட்ட அதே மாணவிதான் கொண்டுவந்தாள். ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ?’ தமிழில் ‘ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறீங்களா?’ என்போம், அதில் திறக்க என்றும் இல்லை, திறக்கிறத என்றும் இல்லை. சரி, எழுது என்றேன். எழுதிவிட்டுத் திரும்பி, “இதுக்கு நான் ‘யெஸ்’னு சொன்னா திறப்பேன்னு அர்த்தமா, திறக்க மாட்டேன்னு அர்த்தமா டீச்சர்?” என்றாள். மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பாடவேளை அதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன்.